விரிப்புகளில் பானக்கறை நீக்கல்

விரிப்புகளில் பானக்கறை நீக்கல் என்பது தேநீர், காப்பி, இளநீர், ரோஸ்மில்க், பழச்சாறு, மது முதலிய பானங்கள் கம்பளம், ஜமக்காளம், பாய் போன்ற தரைவிரிப்புகளில் சிந்தி உண்டாகும் கறைகளை, விரிப்பின் இழையும் சாயமும் கெடாமல் அகற்றும் வீட்டுமுறைகளைக் குறிக்கும். கறை போவதும் போகாததும் பெரும்பாலும் மூன்றைப் பொறுத்தது: சிந்திய பானம் எது, விரிப்பின் இழை எது, கழுவப் பயன்படும் தண்ணீர் எது. முதல் இரண்டையும் பலர் யோசிக்கின்றனர். மூன்றாவதை மறந்துவிடுகின்றனர்.

பொதுவாகக் கிடைக்கும் குறிப்புகள் தரையோடு ஒட்டிய செயற்கை இழைக் கம்பளத்தையும் குழாயில் வரும் மென்மையான நீரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. புதுச்சேரி மாவட்டத்தின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களில் விரிப்பும் வேறு, நீரும் வேறு, சிந்தும் பானங்களும் ஓரளவு வேறு. இக்கட்டுரை அவ்வூர்களின் வீட்டு நிலையை முன்வைத்து எழுதப்பட்டுள்ளது.

விரிப்பு வகைகள்

இப்பகுதி வீடுகளில் விருந்தினர் வந்தால் விரிக்கப்படுவது பெரும்பாலும் பருத்தி ஜமக்காளம். ஈரோடு மாவட்டத்துப் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளம் 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தடித்த பருத்தி நூலில் பட்டை பட்டையாகச் சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்கள் அமைந்த இவ்விரிப்பு பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பட்டைகளுள் ஏதேனும் ஒன்றின் சாயம் கழன்றால் பக்கத்துப் பட்டை முழுவதும் பாழாகும். கறையைவிடச் சாயம் பரவுவதே ஜமக்காளத்திற்குப் பெரிய இழப்பு.

கோரைப்பாய் நீரை உறிஞ்சினால் ஊதிப் பூசணம் பிடித்துக் கறுக்கும். வாசலில் போடும் தேங்காய் நார் மிதியடியிலும் சணல் விரிப்பிலும் இயல்பாகவே பழுப்பு நிறப் பொருள்கள் உண்டு. சலவைச் சோடா போன்ற காரம் பட்டால் அவை கசிந்து வெளிவந்து, இருந்த கறையைவிடப் பெரிய பழுப்புத் திட்டை உண்டாக்கும். கடைகளில் விற்கும் பாலிப்ரோப்பிலீன் விரிப்பு கறையை எளிதில் ஏற்பதில்லை. நைலானும் கம்பளி மயிரும் அப்படியல்ல. உணவு நிறமிகளை அவை நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கல்யாணப் பந்தலில் விரிக்கும் வாடகைச் சிவப்பு விரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் எத்தனை காப்பி சிந்தியது என்பது பந்தல்காரருக்கே தெரியாது.

பானங்களும் கறைகளும்

தேநீரிலும் காப்பியிலும் டானின் முதலிய துவர்ப்புப் பொருள்களும், வறுக்கும்போது உண்டாகும் பழுப்புப் பொருள்களும் உள்ளன. கறைக்குக் காரணம் இவையே. பால் சேர்ந்தால் புரதமும் கொழுப்பும் கூடும், சர்க்கரை சேர்ந்தால் பிசுக்கு கூடும். ஆகவே ஒரு குவளை பால் காப்பி சிந்துவது நான்கு கறைகள் ஒன்றாகச் சிந்துவதற்குச் சமம். உடனே வெந்நீர் ஊற்றுவது இங்கே பரவலான வழக்கம். சூட்டில் பால் புரதம் கெட்டிப்பட்டு இழையில் ஒட்டிக்கொள்ளும். பால் கலந்த எந்தப் பானத்திற்கும் முதலில் குளிர்ந்த நீரே ஏற்றது. புரதமும் சர்க்கரையும் போன பின்னரே வெதுவெதுப்பான நீருக்கு வேலை வரும்.

இளநீர்க் கறை ஏமாற்றும் இயல்புடையது. சிந்தியபோது அது வெறும் தண்ணீர்போல் இருக்கும். யாரும் துடைப்பதில்லை. இளநீரில் உள்ள பீனால் வகைச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஆக்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்லப் பழுப்பாகின்றன. நறுக்கிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுப்பதற்கும் இதே காரணந்தான். மறுநாளோ, இரண்டு நாள் கழித்தோ திட்டு தெரியும்போது அது காய்ந்த கறையாகிவிட்டிருக்கும். இளநீர் சிந்திய இடத்தை நிறமில்லை என்று விட்டுவிடாமல், காப்பி சிந்தியதுபோல் கருதி உடனே நீர்விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். முந்திரிப் பழச் சாற்றுக்கும் இது பொருந்தும். அதன் துவர்ப்பு இளநீரைவிடப் பல மடங்கு அதிகம். முந்திரிக்காட்டு ஊர்களிலிருந்து பழம் கொண்டுவரும் பிள்ளைகளின் சட்டைகளே அதற்குச் சாட்சி.

நாவல் பழச் சாறு, கறுப்புத் திராட்சைச் சாறு, சிவப்பு ஒயின் ஆகியவற்றின் நிறம் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. இந்நிறமி அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். நாவல் பழக் கறையில் சலவைச் சோடாவோ கட்டிச் சோப்போ தேய்த்துவிட்டு, கறை நீலமாகிவிட்டதே என்று திகைப்பவர்கள் உண்டு. கறை கூடவில்லை, நிறந்தான் மாறியுள்ளது. இரண்டு துளி எலுமிச்சைச் சாறு பட்டால் நிறம் திரும்பச் சிவக்கும். அதன்பின் குளிர்ந்த நீரால் பலமுறை ஒற்றி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும்.

மஞ்சள் பாலும் இப்படி நிறம் மாற்றும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் செங்காவியாகிறது. மஞ்சள் பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் சிவப்பதை வீடுகளில் எல்லாரும் பார்த்திருப்பர். குர்க்குமினுக்கு ஒரு பலவீனம் உண்டு, வெயில் பட்டால் அது சிதைந்து வெளுத்துவிடும். சோப்பு நீரால் பாலை நீக்கி, நன்றாக அலசி, கறை பட்ட பக்கம் மேலே தெரியும்படி இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டால் மஞ்சள் கறை மறையும். சாயமேற்றிய ஜமக்காளத்தை நீண்ட நாள் வெயிலில் விட்டால் அதன் நிறமும் மங்கும் என்பதால் கறை போனதும் எடுத்துவிடுவது நல்லது.

ரோஸ்மில்க், ஆரஞ்சு நிறக் குளிர்பானங்கள், பொடி கரைத்த பானங்கள் ஆகியவற்றில் செயற்கை உணவு நிறமிகள் உள்ளன. கார்மோயிசின், சன்செட் யெல்லோ, டார்ட்ரசின் போன்ற இவை வேதியியலில் அமிலச் சாயங்கள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. கம்பளி நூலுக்கும் நைலானுக்கும் சாயமேற்றும் ஆலைகள் அமிலமும் சூடும் சேர்த்தே இவ்வகைச் சாயங்களை இழையில் ஏற்றுகின்றன. எனவே கம்பளியிலோ நைலான் கார்பெட்டிலோ ரோஸ்மில்க் சிந்தினால் வினிகர் தெளித்து வெந்நீர் ஊற்றுவது சாய ஆலையின் வேலையை வீட்டிலேயே செய்வதாகும். அங்கே குளிர்ந்த நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். பருத்தி ஜமக்காளத்தில் இந்நிறமிகள் அவ்வளவு வலுவாகப் பிடிப்பதில்லை. உடனே அலசினால் பெரும்பாலும் போய்விடும்.

கள் சிந்தினால் நிறத்தைவிட வாடையே தொல்லை. புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு அனுமதி இருப்பதால் இது இங்கே அயலான செய்தியும் அன்று. கள்ளிலுள்ள ஈஸ்ட்டும் சர்க்கரையும் இழைக்குள் தங்கினால் புளித்துக்கொண்டே இருக்கும். நிறைய நீர்விட்டு அலசி அன்றே முழுமையாக உலர்த்துவதே வழி. ஆடி மாதக் கூழ் சிந்தினால் முறை தலைகீழ்: அதைக் காயவிட்டு மொண்ணையான கரண்டிக் காம்பால் சுரண்டி உதிர்த்த பிறகே நீர் படவிட வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் மாவு இழைக்குள் புகும்.

தண்ணீர்

பாகூர் கொம்யூனின் கடலோரப் பகுதியில், மூர்த்திக்குப்பம், பனித்திட்டு போன்ற ஊர்களை ஒட்டி, நிலத்தடி நீரில் கடலின் உவர்ப்பு கலக்கும் சிக்கல் உண்டு. உள்ளே தள்ளிய ஊர்களிலும் போர் தண்ணீர் கடினமாக இருக்கும் இடங்கள் பல. சோப்பு நுரைக்காமல் தயிர்போல் திரிவதும், பருப்பு வேகாததும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதும் கடின நீருக்கு அறிகுறிகள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதி உண்டு. இத்தகைய நீரில் கட்டிச் சோப்பு போட்டுக் கறையைத் தேய்த்தால், நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காக இழையில் படிகின்றன. கறை போன இடத்தில் சில வாரங்களில் அழுக்குத் திட்டு தோன்றுவதற்கு இப்பிசுக்கே காரணம். கடின நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இப்படித் திரிவதில்லை. ஆகவே கட்டிச் சோப்புக்குப் பதில் அதையே, ஒரு குவளை நீருக்குக் கால் தேக்கரண்டி என்ற அளவில், பயன்படுத்தலாம்.

இரும்பு கரைந்த நீர் இன்னும் பெரிய தொல்லை. இறைத்தபோது தெளிவாக இருந்து, வாளியில் ஓர் இரவு நின்றதும் மஞ்சளாகிச் செம்பழுப்பு வண்டல் படியும் நீரில் இரும்பு உண்டு. அந்நீரில் டிக்காசன் கறுத்துப் போகும். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு நிறம் உண்டாவது நம் நாட்டுச் சாயத் தொழிலுக்குப் பழகிய செய்தி. கலம்காரித் துணியின் கறுப்புக் கோடுகள், கடுக்காய் ஊட்டிய துணியில் இரும்புத் துருவும் வெல்லமும் ஊறிய நீரால் வரையப்படுபவை. பழைய எழுத்து மைகள் பலவும் துவர்ப்புக் காயும் அன்னபேதியும் சேர்ந்தவையே. தேநீர் சிந்திய ஜமக்காளத்தை இரும்பு நீரால் அலசும்போது, அறியாமலே அதே மை விரிப்பின்மேல் தயாராகிறது. பழுப்பாக இருந்த கறை கழுவக் கழுவக் கறுத்தது என்று சொல்லப்படும் வீடுகளில் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கறை நீக்கத் தேவைப்படும் நீர் இரண்டு மூன்று குவளைதான். அதற்கு 20 லிட்டர் கேன் நீரையோ, சேமித்த மழைநீரையோ எடுத்துக்கொள்வதில் பெரிய செலவில்லை. விரிப்பு முழுவதையும் பின்னர் போர் நீரில் துவைத்தாலும், கறை பட்ட இடம் அதற்குமுன் நல்ல நீரில் சுத்தமாகியிருக்க வேண்டும்.

சிந்தியவுடன் செய்வது

பழைய பருத்தி வேட்டித் துண்டு இவ்வேலைக்கு மிக ஏற்றது. வெள்ளைத் துண்டாக இருக்க வேண்டும், சாயத் துண்டு தன் நிறத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும். மடித்த துண்டைக் கறைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நீர்மம் பக்கவாட்டில் பரவி இழைக்குள்ளும் இறங்கும். கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுவது முறை. ஈரம் பிடித்த துண்டைத் திருப்பித் திருப்பி, இனி ஈரம் ஏறவில்லை என்னும் வரை ஒற்றிய பிறகே நல்ல நீர் கொஞ்சம் தெளித்து மறுபடி ஒற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் திரவக் கரைசல் அதற்கும் பிறகு. கடைசியில் வெறும் நீரால் இருமுறையேனும் ஒற்றி எடுக்காவிட்டால் தங்கிய திரவமே தூசியை இழுக்கும்.

அரிசி மாவைக் கொட்டி உறிஞ்ச விடுவது சிலர் வழக்கம். உறிஞ்சும் என்பது உண்மைதான். மிச்சம் நின்ற மாவு எறும்பையும் கரப்பானையும் அழைக்கும் என்பதும் உண்மை. உப்பு கொட்டுவதால் பெரிய தீங்கில்லை, பெரிய பயனும் இல்லை. துண்டு இருக்கும்போது இவை இரண்டும் தேவைப்படுவதில்லை.

ஜமக்காளத்திற்கு மட்டும் ஒரு முன்சோதனை உண்டு. ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறப் பட்டையின்மேலும், மூலையில், ஐந்து நிமிடம் அழுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் அந்த விரிப்பை நனைத்துத் துவைக்கக் கூடாது. கறைப் பகுதியை மட்டும் குறைந்த ஈரத்தில் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் விரைவாக உலர்த்த வேண்டும்.

காய்ந்த கறை

காய்ந்த தேநீர், காப்பி, இளநீர்க் கறைகளுக்கு வீட்டில் கிடைக்கும் பயனுள்ள பொருள் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. கடைகளில் 6 விழுக்காட்டுக் கரைசலாகக் கிடைத்தால் அதே அளவு நீர் சேர்த்து 3 விழுக்காடாக்கிக்கொள்ளலாம். முதலில் பாலும் சர்க்கரையும் போகும்படி கறையைத் திரவக் கரைசலால் கழுவி, பிறகு பெராக்சைடை நனையும் அளவு மட்டும் இட்டு அரை மணி நேரம் விட்டு ஒற்றி எடுக்க வேண்டும். இது துவர்ப்பின் நிறத்தை உடைத்து நிறமற்றதாக்குகிறது. விரிப்பின் சாயத்தையும் வெளுக்கச் செய்யலாம் என்பதால் யாருக்கும் தெரியாத மூலையில் முதலில் சோதிக்க வேண்டும். கம்பளியில் நீண்ட நேரம் விடக் கூடாது. கோரைப்பாயில் துணியில் தோய்த்துத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகள் எடுக்கும் இடத்தில் புட்டியை வைக்கக் கூடாது, கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும். கலந்து மீந்த கரைசலை மூடி வைத்தால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கக்கூடும் என்பதால் அதைக் கொட்டிவிடுவதே முறை.

இரும்பு நீரால் கறுத்த கறையில் இந்த வரிசை மாறும். இரும்பு இருக்கும் இடத்தில் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து, பருத்தி இழையையே அரித்துவிடும். துணி வெளுக்கும் ஆலைகளில் இரும்புத் துகள் ஒட்டிய இடங்களில் ஓட்டை விழுவதற்கு இதுவே காரணம். எனவே முதலில் எலுமிச்சைச் சாற்றை நீரில் சரிபாதியாகக் கலந்து இட்டு, கால் மணி நேரம் விட்டு, இரும்பைக் கரைத்து எடுத்து, நல்ல நீரால் பலமுறை அலச வேண்டும். கறுப்பு மறைந்து பழுப்பு மட்டும் மிஞ்சினால் இரும்பு போய்விட்டது என்று கொள்ளலாம். அதற்குப் பிறகே பெராக்சைடு.

சலவைத் தொழிலாளர்கள் முற்காலத்தில் உவர்மண் கரைத்த நீரில் துணியைத் தோய்த்து வெள்ளாவியில் அவித்து வெளுத்தனர். காரமும் நீராவியும் சேர்ந்த அம்முறை வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு நிகரற்றது. அதை நினைவில் கொண்டு ஜமக்காளத்தைச் சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைப்பவர்கள் இன்றும் இருக்கின்றனர். வண்ண விரிப்பின் சாயம் அதைத் தாங்காது.

ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும்

கிணற்றில் போடவும் வாசல் சாக்கடையில் தூவவும் வாங்கிய ப்ளீச்சிங் பவுடர் பல வீடுகளில் இருக்கும். கறை போகாத எரிச்சலில் கை அதை நோக்கித்தான் போகிறது. அது சாயத்தை வெளுத்துவிடும், கம்பளி மயிரையும் பட்டையும் அரித்துவிடும், நைலானை நலிவடையச் செய்யும். விரிப்பு கெடுவதோடு முடிந்தால் பரவாயில்லை. ப்ளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகிய மெல்லிய அமிலங்களோடும் குறைந்த அளவில் அது வெளிவரும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் இப்ர் நகருக்கருகே செர்மானியப் படை போர் ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். மூடிய அறையில், தரைமட்டத்தில் குனிந்து விரிப்பைத் தேய்ப்பவருக்கு ஆபத்து கூடுதல், ஏனெனில் குளோரின் காற்றைவிட எடை மிகுந்தது. அது தரையோடு தங்கும். தவழும் குழந்தையும் அந்த மட்டத்தில்தான் இருக்கிறது.

எலுமிச்சை போட்ட கறையில் பின்னர் ப்ளீச்சிங் பவுடர் போடுவது, ஒரு நாள் இடைவெளி விட்டாலும், தவிர்க்க வேண்டியது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களோடும், சிறுநீர் ஊறிய விரிப்பிலும் ப்ளீச்சிங் பவுடர் வேறொரு நச்சு வாயுவைத் தரும். தொண்டை கமறி இருமல் வந்தால் உடனே அனைவரும் வெளியே காற்றோட்டமான இடத்திற்குச் சென்றுவிட வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

உலர்த்துதல்

கறை போய்விட்டது என்று நினைத்த விரிப்பில் மறுநாள் அதே இடத்தில் மங்கலாகக் கறை திரும்பத் தோன்றுவது உண்டு. தடித்த விரிப்பின் அடியில் தங்கிய நிறம், மேற்பரப்பு உலரும்போது ஈரத்தோடு மேலேறி வந்து படிவதே இதற்குக் காரணம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போன்றது இது. கழுவிய இடத்தின்மேல் உலர்ந்த வேட்டித் துண்டை நாலாக மடித்து வைத்து, அதன்மேல் அம்மிக்குழவி போன்ற கனத்தை ஓர் இரவு ஏற்றி வைத்தால் நிறம் துண்டுக்குள் ஏறிவிடும். கனத்துக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த ஜமக்காளத்தை முழுவதும் நனைப்பது வீண் வேலை. இரண்டு நாளில் உலராத விரிப்பில் பூசண வாடை ஏறும், பிறகு பூசணக் கரும்புள்ளிகள் விழும். அவை எந்தப் பானக்கறையையும்விடப் பிடிவாதமானவை. அம்மாதங்களில் கறை பட்ட இடத்தை மட்டும் நீக்கிவிட்டு, முழுத் துவையலைத் தைக்கு ஒத்திவைப்பதே வழக்கம். கோரைப்பாயைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்து இருபுறமும் காற்றுப்பட உலர்த்த வேண்டும். ஈரத்தோடு சுருட்டிப் பரணில் வைத்த பாய் அடுத்த விருந்துக்கு உதவாது.

எல்லாம் செய்தும் போகாத கறைகள் உண்டு. முந்திரிச் சாறும், பல மாதம் கிடந்த இளநீரும் அவ்வகை. அப்படிப்பட்ட ஜமக்காளம் கூடத்திலிருந்து மாடிக்கு இடம் மாறி, கொத்தமல்லியும் உளுந்தும் காயப்போடும் விரிப்பாகப் பல ஆண்டு உழைக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் பட்டு நூல் இற்றுப்போனது அதற்கும் ஆகாது.